100 கோடி துடிப்பைப் பிடிக்கும் குட்டிப் பெட்டி!

பாகூர் வாய்க்கால் சொல்லும் மின்சாரப் பாடம்

மழைக்காலம். தென்பெண்ணை ஆற்றில் வெள்ளம் வருகிறது.

சொர்ணாவூர் அணைக்கட்டில் தண்ணீர் திரும்புகிறது. பங்காரு வாய்க்கால் வழியாக ஓடுகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற பாகூருக்கு வருகிறது. அங்கே பெரிய ஏரியை நிரப்புகிறது.

பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் இருந்தார்களாம். அவர்கள் செய்த தர்மம்தான் இந்த ஏரியும் வாய்க்காலும் என்பது ஊரில் வழங்கும் கதை.

ஆற்றில் தண்ணீர் திடீர் என்று ஓர் ஆள் உயரம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏரிக்கரையில் நிற்கும் விவசாயிக்கு அந்த வேகம் அப்படியே தெரியுமா?

தெரியாது.

வாய்க்கால் குறுகலாக இருந்தால் தண்ணீர் மெல்ல மெல்லத்தான் வரும். ஆற்றில் குபீர் என்று பாய்ந்த வெள்ளம், ஏரியில் சாதுவாக ஏறும். ஆற்றில் ஏறிய வெள்ளம் உடனே வடிந்துவிட்டால், ஏரிக்கரையில் நிற்பவருக்கு வெள்ளம் வந்ததே தெரியாது!

ஆறு பொய் சொல்லவில்லை. வாய்க்கால்தான் உண்மையை மறைத்துவிட்டது.

மின்சாரத்திலும் இதே கதைதான். அங்கே ஒரு வாய்க்கால் இருக்கிறது. அந்த வாய்க்காலை அகலமாக வெட்டுவதற்காக என்ஜினீயர்கள் பல்லாண்டுகள் பாடுபட்டார்கள். அவர்கள் செய்த ஓர் அதிசயப் பெட்டியின் கதை இது.

பச்சைக் கோடு

மின்சாரத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. தொட்டுப் பார்க்கவும் கூடாது. ஆனால் அது எப்படி ஏறுகிறது, எப்படி இறங்குகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். பார்க்காவிட்டால் ரேடியோவும் இல்லை, டெலிவிஷனும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை.

அதற்கு உதவும் கருவியின் பெயர் ஆசிலோஸ்கோப். அலை காட்டும் கருவி என்று சொல்லலாம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் இதயத் துடிப்பு ஒரு திரையில் கோடாக ஓடுவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதேபோல மின்சாரத்தின் துடிப்பை இந்தக் கருவி கோடாகப் போட்டுக் காட்டும்.

இதற்கு வித்திட்டவர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி. 1897-ம் ஆண்டில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அவர் ஒரு கண்ணாடிக் குழாயைச் செய்தார். குழாயின் ஒரு முனையில் இருந்து எலெக்ட்ரான்கள் பாயும். மறு முனையில் உள்ள திரையில் மோதும். மோதிய இடம் பளிச் என்று ஒளிரும். மின்சாரம் ஏறினால் ஒளிப்புள்ளி மேலே போகும். இறங்கினால் கீழே வரும்.

பழைய டெலிவிஷன் பெட்டிகளில் இருந்த கனமான குழாய்க்கும் இதுவே மூதாதை. பிரவுனுக்கு 1909-ம் ஆண்டில் ரேடியோ ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு கிடைத்தது. மார்க்கோனியும் அவரும் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

குழாய் தயார். ஆனால் ஒரு தொல்லை. அளக்க வேண்டிய மின்சாரம் மிக மிகச் சிறியது. குழாயில் உள்ள எலெக்ட்ரான் கற்றையை அசைக்க அது போதாது. எறும்பை விட்டுத் தேர் இழுக்கச் சொல்வது போல!

அதனால் சிறிய மின்சாரத்தைப் பெரிதாக்கிக் குழாய்க்குக் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் ஆம்ப்ளிபயர்.

கல்யாண வீட்டு மைக் செட்டில் இருக்கிறதே, அதே ஆம்ப்ளிபயர்தான். பாடகரின் மெல்லிய குரலை ஊர் முழுக்கக் கேட்கச் செய்வது அது. ஆனால் மைக் செட்டுக்கு ஒரு வினாடியில் 20 ஆயிரம் துடிப்பு வரை தெரிந்தால் போதும். மனிதனின் காது அதற்கு மேல் கேட்காது. ஆசிலோஸ்கோப்புக்கு அது போதாது. கோடிக்கணக்கில் வேண்டும்!

ஓர் ஆம்ப்ளிபயர் வினாடிக்கு எத்தனை துடிப்பு வரை தாங்கும் என்பதை அதன் 'அலை அகலம்' என்று சொல்லலாம். அகலம் அதிகமானால் வாய்க்கால் அகலம் என்று பொருள்.

வில்லியனூர்த் தேர்

ஆம்ப்ளிபயர் ஏன் பின்தங்குகிறது? இதை அறிய வில்லியனூருக்குப் போவோம்.

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோவில் தேரோட்டம் புகழ் பெற்றது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்திலேயே கவர்னர் வந்து வடம் பிடித்த தேர் அது. அந்த வழக்கம் பிறகும் தொடர்ந்தது.

வடத்தைப் பிடித்து இழுத்தவுடன் தேர் ஓடிவிடுமா? ஓடாது. முதலில் வடம் விறைக்கும். பிறகு சக்கரம் முனகும். பிறகுதான் தேர் அசையும். நிறுத்துவதும் அப்படியே. "நிறுத்து" என்றவுடன் நிற்காது. முட்டுக்கட்டை போட வேண்டும். போடாவிட்டால் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிடும்.

குழந்தையின் நடைவண்டி அப்படியல்ல. தள்ளினால் ஓடும். விட்டால் நிற்கும்.

ஆம்ப்ளிபயருக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பியும், ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் கொஞ்சம் மின்சாரத்தைத் தன்னிடம் தேக்கி வைக்கும். அது நிரம்பிய பிறகே அடுத்த இடத்துக்குச் செய்தி போகும். தேருக்குக் கனம் எப்படியோ, ஆம்ப்ளிபயருக்கு இந்தத் தேக்கம் அப்படி.

தேக்கத்தைக் குறைத்தால் வேகம் வரும். ஆனால் வேகம் வந்ததும் வேறு ஆபத்து. நிற்க வேண்டிய உயரத்தைத் தாண்டிக் கோடு துள்ளும். இல்லாத துள்ளலை இருப்பதாகக் காட்டும். அதுவும் பொய்தானே! எனவே இங்கும் முட்டுக்கட்டை உண்டு. ஆம்ப்ளிபயர் பெட்டிக்குள் சின்னஞ்சிறு திருகுகள் இருக்கும். அவற்றை நூல் அளவு திருப்பித் திருப்பி, கோடு தாண்டாமலும் தயங்காமலும் நிற்கும்படி செய்வார்கள். கை தேர்ந்தவர்கள் செய்யும் வேலை அது.

ரேடியோ கடை நண்பர்கள்

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு என்ற நகரம். அங்கே ஜாக் முர்டாக் என்பவர் ரேடியோ கடை வைத்திருந்தார். அந்தக் கடையில் ரேடியோ பழுது பார்த்தவர் ஹோவர்டு வோலம். பவுதிகம் படித்த பட்டதாரி.

இரண்டாவது உலகப்போர் வந்தது. இருவரும் பட்டாளத்துப் பணிக்குப் போனார்கள். வோலம் இங்கிலாந்தில் ரேடார் ஆராய்ச்சியில் ஈடுபட்டார். போர் முடிந்து ஊர் திரும்பினார்கள். நண்பர்களோடு சேர்ந்து 1946-ம் ஆண்டில் டெக்ட்ரானிக்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள்.

மறு ஆண்டு, 1947-ல், அவர்களுடைய முதல் ஆசிலோஸ்கோப் வந்தது. பெயர் 511. விலை 795 டாலர். வினாடிக்கு 1 கோடி துடிப்பு வரை காட்டியது. அந்தக் காலத்தில் அது பெரிய சாதனை.

கழற்றலாம், மாட்டலாம்!

ஆனால் எல்லாருக்கும் ஒரே ஆம்ப்ளிபயர் உதவாது. இதய ஆராய்ச்சி செய்பவருக்கு மிக நுண்ணிய மின்சாரம் தெரிய வேண்டும். வேகம் வேண்டாம். ரேடார் செய்பவருக்கு வேகம் வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கருவி செய்தால் விலை என்ன ஆவது?

1954-ம் ஆண்டில் டெக்ட்ரானிக்ஸ் ஒரு வழி கண்டது. திரையும் குழாயும் ஒரு பெரிய பெட்டியில். ஆம்ப்ளிபயர் மட்டும் தனியாக ஒரு சிறிய பெட்டியில். மேஜை இழுப்பறையைத் தள்ளுவது போலத் தள்ளினால், பெரிய பெட்டிக்குள் பொருந்திக்கொள்ளும். வேறு வேலை வந்தால் அதைக் கழற்றிவிட்டு வேறு பெட்டியை மாட்டலாம். மாவு மில்லில் ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு, மிளகாய்க்கு ஓர் எந்திரம், அரிசிக்கு ஓர் எந்திரம் என்று பெல்ட்டை மாற்றுகிறார்களே, அது போல!

இந்தச் சிறிய பெட்டிக்கு 'பிளக்-இன்' என்று பெயர். செருகுப் பெட்டி என்று சொல்லலாம்.

1969-ம் ஆண்டில் 7000 என்ற வரிசை வந்தது. அதில் பலவகைச் செருகுப் பெட்டிகள் இருந்தன. இரண்டை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

ஒன்றின் பெயர் 7ஏ22. ஒரு வோல்ட்டை லட்சம் பங்காக்கி, அதில் ஒரு பங்கைக் கொடுத்தாலும் திரையில் ஒரு கட்டம் கோடு ஏறும். அவ்வளவு கூர்மை! ஆனால் வினாடிக்கு 10 லட்சம் துடிப்போடு அதன் சக்தி தீர்ந்துவிடும்.

மற்றொன்று 7ஏ29. இதற்கு ஒரு வோல்ட்டில் நூறில் ஒரு பங்கு கொடுத்தால்தான் ஒரு கட்டம் ஏறும். முதல் பெட்டியைவிட 1,000 மடங்கு மந்தமான பார்வை. ஆனால் வேகம்? வினாடிக்கு 100 கோடி! முதல் பெட்டியைவிட 1,000 மடங்கு வேகம்!

கூர்மையும் வேகமும் ஒரே இடத்தில் சேருவது அரிது. ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றொன்றை வாங்க வேண்டும். பெரிதாக்கப் பெரிதாக்க வேகம் குறையும் என்பது ஆம்ப்ளிபயரின் பிறவிக் குணம்.

100 கோடி என்றால் எவ்வளவு?

புதுச்சேரி வானொலியின் பண்பலை 102.8-ல் ஒலிக்கிறது. அதாவது, அந்த அலை வினாடிக்கு 10 கோடியே 28 லட்சம் தடவை துடிக்கிறது. 1947-ல் வந்த 511 கருவி இதன் துடிப்பைக் காட்டாது. அதன் எல்லை 1 கோடிதானே!

ஊட்டிக்கு அருகே முத்தொரையில் 1970-ல் ஒரு பெரிய ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியின் தலைமையில் கட்டினார்கள். நீளம் 530 மீட்டர். அகலம் 30 மீட்டர். வானத்தில் இருந்து வினாடிக்கு 32 கோடியே 65 லட்சம் துடிப்பாக வரும் அலையை அது கேட்கிறது.

செல்போன்களில் ஒரு வகை அலை வினாடிக்கு சுமார் 90 கோடி தடவை துடிக்கிறது.

இவை எல்லாம் 7ஏ29 பெட்டியின் எல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் அலை வரை, பழைய காலக் கருவி ஒன்று கோடு போட்டுக் காட்டிவிடும்!

வேகத்தை வேறு விதமாகவும் சொல்லலாம். ஒரு வினாடியை 100 கோடிப் பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு நானோ வினாடி என்று பெயர். உலகத்திலேயே வேகமானது ஒளி. அந்த ஒளிகூட ஒரு நானோ வினாடியில் ஓர் அடி தூரம்தான் போகும்.

7ஏ29 பெட்டியைப் பொருத்திய கருவியில், கீழே இருக்கும் கோடு மேலே ஏற நானோ வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான நேரம் போதும். அதற்குள் ஒளி அரைச் சாண் தூரம்தான் நகர்ந்திருக்கும்!

இருட்டை வென்ற குழாய்

7ஏ29 பெட்டிக்கு ஏற்ற பெரிய கருவியின் பெயர் 7104. 1970-களின் கடைசியில் வந்தது. அதில் இன்னொரு விந்தை.

ஒளிப்புள்ளி வேகமாக ஓடினால் கோடு மங்கிவிடும். சுவரில் வேகமாகச் சுண்ணாம்பு அடித்தால் பூச்சு மெல்லியதாகிவிடும் அல்லவா? அது போல. 7104 கருவியில் ஒளிப்புள்ளி திரையின் ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கத்துக்கு இரண்டே நானோ வினாடியில் பாயும். ஒரே ஒரு தடவை பாய்ந்தால் கண்ணுக்குத் தெரியுமா?

தெரியும்படி செய்தார்கள்! திரைக்குச் சற்று முன்னால் ஒரு கண்ணாடித் தகடு. தேன்கூடு போல அதில் எண்ணற்ற நுண்ணிய துளைகள். ஓர் எலெக்ட்ரான் துளைக்குள் நுழைந்து சுவரில் மோதினால், மேலும் சில எலெக்ட்ரான்கள் தெறிக்கும். அவை மோதி இன்னும் பல தெறிக்கும். ஒன்று நுழைந்தால் ஒரு கூட்டமே வெளியே வரும். திரை பளிச் என்று ஒளிரும். ஒரே ஒரு தடவை வந்து மறையும் துடிப்பைக்கூட, விளக்கு எரியும் அறையில் உட்கார்ந்து வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது.

சுவரில் மோதும் அலை

7ஏ29 பெட்டியின் முகப்பில் '50 ஓம்' என்று எழுதியிருக்கும். எதற்கு?

வாய்க்காலில் வேகமாக வரும் அலை, கடைசியில் ஒரு சுவரில் முட்டினால் என்ன ஆகும்? திரும்பி வரும். வருகிற அலையும் திரும்புகிற அலையும் மோதிக் குழம்பும். எது புதிய அலை, எது பழைய அலை என்றே தெரியாது.

அதே வாய்க்கால் சுவரில் முட்டாமல், அதே அகலத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் அலை திரும்பாது.

வேகமான மின்சாரமும் கம்பியில் அலையாகத்தான் ஓடுகிறது. அது ஓடி வரும் கேபிள் 50 ஓம் வகை. பெட்டியின் வாசலும் 50 ஓம். இரண்டும் பொருந்துவதால் வந்த அலை முழுவதும் உள்ளே போய்விடுகிறது. ஒரு சொட்டும் திரும்புவதில்லை.

இந்த வாசல் நுட்பமானது. அளவுக்கு மீறி வோல்ட் கொடுத்தால் கருகிவிடும்.

சேதராப்பட்டில் என்ன வேலை?

'இவ்வளவு வேகம் யாருக்குத் தேவை?' என்று கேட்கலாம்.

வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த சேதராப்பட்டில் தொழிற்பேட்டை இருக்கிறது. எச்.சி.எல். கம்பெனி பல ஆண்டுகள் அங்கே கம்ப்யூட்டர் தயாரித்தது. லெனோவா கம்பெனியும் புதுச்சேரியில் கம்ப்யூட்டர் செய்கிறது. நெல் விளையும் மண்ணில் கம்ப்யூட்டரும் விளைகிறது!

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தவை இரண்டே எழுத்துகள். மின்சாரம் உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் பூஜ்யம். ஏதோ ஒரு கம்பியில், வரக்கூடாத நேரத்தில், ஒரே ஒரு நானோ வினாடி மின்சாரம் எட்டிப் பார்த்தால் போதும். பூஜ்யம் ஒன்றாகிவிடும். கணக்கு தப்பும். பாங்கியில் அது ஒருவரின் பணம். ஆஸ்பத்திரியில் அது ஒருவரின் மருந்து அளவு.

அந்தத் திருட்டுத் துடிப்பைப் பிடிக்க வேண்டும். எப்படி?

1 கோடி துடிப்பு வரை காட்டும் கருவியில் பார்த்தால், அது பதினாறில் ஒரு பங்கு உயரமே தெரியும். ஏதோ தூசி என்று என்ஜினீயர் விட்டுவிடுவார். 10 கோடி வரை காட்டும் கருவியில் பார்த்தால் பாதி உயரம்கூடத் தெரியாது. 'அபாயம் இல்லை' என்று தோன்றும். 100 கோடி வரை காட்டும் கருவியில் பார்த்தால்தான் அது ஏறக்குறைய முழு உயரத்தில் நிற்கும். திருடன் அகப்பட்டான்!

மூன்று கருவிகளும் பழுதானவை அல்ல. மூன்றிலும் கோடு அழகாகத்தான் தெரியும். ஆனால் முதல் இரண்டும் உண்மையைக் குறைத்துச் சொல்கின்றன. பார்ப்பவருக்கு அது தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து.

ஏமாற வேண்டாம்

பழைய கருவிகளை விலைக்கு வாங்கும் மாணவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்.

7ஏ29 பெட்டியை வாங்கிவிட்டால் மட்டும் 100 கோடி வேகம் வந்துவிடாது. 7603 என்று ஒரு பெரிய பெட்டி உண்டு. அதன் எல்லை 10 கோடி. அதற்குள்ளும் 7ஏ29 அழகாகப் பொருந்தும். ஆனால் 10 கோடிக்கு மேல் போகாது. மதகு அகலமாக இருந்து என்ன? வாய்க்கால் குறுகலாயிற்றே!

இரண்டும் சம அகலமாக இருந்தாலும் சேதாரம் உண்டு. 50 கோடி எல்லை உள்ள செருகுப் பெட்டியும், 50 கோடி எல்லை உள்ள பெரிய பெட்டியும் சேர்ந்தால் கிடைப்பது 50 கோடி அல்ல. சுமார் 35 கோடிதான். ஒவ்வொன்றும் கொஞ்சம் தயங்குகிறது. தயக்கம் சேர்ந்துவிடுகிறது.

கருவியையும் சோதிக்கும் பொருளையும் இணைக்கும் கம்பிக்கும் இதே விதிதான். எது மிகக் குறுகலோ, அதைவிட வேகமாக முழு ஏற்பாடும் ஓடாது.

செல்போனுக்குள் புகுந்தது

7000 வரிசையில் இன்னொரு புதுமை. குமிழைத் திருப்பினால், எத்தனை வோல்ட், எவ்வளவு நேரம் என்பது திரையிலேயே எழுத்தாக வரும். இதற்கான நுண்ணிய மின்சுற்றுகளை அமைத்தவர் பாரி கில்பர்ட். இங்கிலாந்தில் பிறந்தவர். 1964-ல் டெக்ட்ரானிக்சில் சேர்ந்தார்.

வேகமான ஆம்ப்ளிபயருக்கு ஒரு புது முறையையும் அவர் கண்டார். 1968-ம் ஆண்டில் அதை எழுதி வெளியிட்டார். அவர் பெயரால் 'கில்பர்ட் செல்' என்று வழங்கும் சிறிய மின்சுற்று, பிறகு உலகம் முழுவதும் பரவியது. செல்போன் அலையைப் பிரித்து எடுக்கும் வேலையை அது செய்கிறது. கில்பர்ட் 2020-ல் காலமானார். பாகூர் வயல் வரப்பில் நின்று போனில் பேசுகிறவர் கையிலும் அவர் உழைப்பின் பலன் இருக்கிறது.

ஈயச் சுருள்

1980-களில் காலம் மாறத் தொடங்கியது. மின்சாரத்தை எண்களாக மாற்றி நினைவில் வைத்துக் காட்டும் டிஜிட்டல் கருவிகள் பரவின. 1990-களின் தொடக்கத்தில் 7000 வரிசையின் உற்பத்தி நின்றது. இப்போது டிஜிட்டல் கருவிகள் 100 கோடியைத் தாண்டி எவ்வளவோ தூரம் போய்விட்டன.

அப்படியானால் பழைய பெட்டி எதற்கு?

அது ஒரு பள்ளிக்கூடம்! பழைய டெக்ட்ரானிக்ஸ் கருவிகளோடு ஒரு புத்தகமும் வரும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் படமும், அது ஏன் அங்கே இருக்கிறது என்ற விளக்கமும் அதில் இருக்கும். எதையும் ஒளிக்கவில்லை. பிரித்துப் பார்த்துப் படிக்கலாம்.

1950-களில் வந்த கருவிகளில் ஓர் அழகான வழக்கம் இருந்தது. உள்ளே பாகங்களைப் பீங்கான் பட்டையில் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண ஈயத்தால் மறுபடி மறுபடி பற்றவைத்தால் அந்தப் பட்டை கெட்டுவிடும். கொஞ்சம் வெள்ளி கலந்த ஈயம் வேண்டும். அது கடையில் எளிதில் கிடைக்காது. அதனால் கருவிக்குள்ளேயே அந்த ஈயத்தை ஒரு சிறு சுருளாக மாட்டி வைத்து அனுப்பினார்கள்!

என்றோ, எங்கோ, யாரோ ஒருவர் இதைப் பழுது பார்ப்பார். அவர் முகம் தெரியாது. ஆனாலும் அவருக்காக ஒரு சுருள் ஈயம். விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கும் குடியானவரின் புத்தி அது.

ஆனால் 7ஏ29 போன்ற வேகமான பெட்டிகளில் ஒரு சோகம் உண்டு. அதன் உயிர் ஒரு சின்னச் சில்லில் இருக்கிறது. அதை டெக்ட்ரானிக்ஸ் தானே செய்தது. 1994-ல் அந்தச் சில்லுத் தொழிற்கூடம் மேக்சிம் என்ற வேறு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. பெட்டிக்காக உருவான அந்தச் சில்லைக் கடையில் வாங்க முடியாது. அது கருகினால், செத்த வேறொரு பெட்டியில் இருந்து எடுத்துத்தான் மாட்ட வேண்டும். ஒரு பெட்டி குப்பைக்குப் போனால், இன்னொரு பெட்டியின் உயிரும் கூடவே போகிறது.

அமெரிக்காவில் ஒரிகன் மாநிலத்தில், டெக்ட்ரானிக்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து, 'விண்டேஜ் டெக்' என்று ஓர் அருங்காட்சியகம் நடத்துகிறார்கள். தாங்கள் செய்த கருவிகளைத் தாங்களே பழுது பார்த்து ஓடவிட்டுக் காட்டுகிறார்கள்.

பெற்றோருக்கு எச்சரிக்கை

பழைய ஆசிலோஸ்கோப் எதுவானாலும், உள்ளே பல ஆயிரம் வோல்ட் மின்சாரம் இருக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில பாகங்களில் மின்சாரம் தேங்கி நிற்கும். உயிரைக் குடிக்கும். தெரிந்தவர் துணை இல்லாமல் மூடியைக் கழற்றக்கூடாது. குழந்தைகளை அருகில் விடவே கூடாது.

கண்ணாடிக் குழாய்க்குள் காற்று இல்லை. உடைந்தால் சில்லுகள் நாலா பக்கமும் தெறிக்கும். பழைய குழாய்களின் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கும். அதை உடைத்து ஊசுட்டேரிக் கரையிலோ, பாகூர் ஏரிக்கரையிலோ கொட்டினால் கெடுதல் நமக்குத்தான். அந்தத் தண்ணீரை நம்பித்தானே பயிரும் மாடும் மனிதரும் இருக்கிறார்கள்! உபயோகம் தீர்ந்த கருவியை, மின்னணுக் கழிவு எடுக்க அனுமதி பெற்றவர்களிடமே கொடுக்க வேண்டும்.

மூன்று ஊர் கொடுத்த மன்னன்

பாகூருக்குப் படிப்பு புதிதல்ல. 9-ம் நூற்றாண்டில் நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில், பாகூரில் ஒரு கல்விச்சாலை இருந்தது. அதன் செலவுக்காக மூன்று ஊர்களைக் கொடுத்தார்கள். பாகூர்ச் செப்பேடு அதற்குச் சாட்சி.

அன்று படிப்புக்காக ஊரையே கொடுத்தார்கள். இன்று ஊரைக் கொடுக்க வேண்டாம். ஒரு பழைய பெட்டியை எறியாமல் இருந்தால் போதும்.

கல்லூரிச் சோதனைச் சாலையின் மூலையிலோ, ரேடியோ பழுது பார்த்த பெரியவர் ஒருவரின் பரணிலோ, தூசி படிந்த செருகுப் பெட்டி ஒன்று கிடக்கலாம். பழைய இரும்பு விலைக்குப் போடுவதற்கு முன், துணியால் ஒரு தடவை முகப்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். '7ஏ29' என்றோ, '50 ஓம்' என்றோ எழுத்துத் தெரிந்தால், விவரம் அறிந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

வாய்க்கால் தூர்ந்துபோனால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம். அந்தப் பெட்டியை மறுபடி செய்ய ஆள் இல்லை.